லண்டன் போக 14 மணி நேரம், திரும்பி வர 13 தான், ஏன்?

பந்திங்ல ஒரு அக்கா கேட்டாங்க, மகள் லண்டன்ல படிக்குது, கோலாலம்பூர் ஏர்போர்ட் கேஎல்ஐஏ-ல இருந்து போறப்ப 14 மணி நேரம் கிட்ட ஆகுது, வர்றப்ப 13 தான், ஒரே தூரம்தானே, பூமி சுத்துறதாலயா தம்பின்னு. நேரா அப்படி இல்லக்கா. பூமி கிழக்குப் பக்கமா சுத்துது, அந்தக் கணக்குப்படி லண்டன்தான் நம்மள நோக்கி வரணும், போற பயணம்தான் சீக்கிரம் முடியணும், ஆனா நடக்குறது தலைகீழ். காத்தும் பூமியோட சேர்ந்தே சுத்துறதால பிளைட்டுக்கு அதுல லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல.

நிஜக் காரணம், உயரத்துல மேற்குல இருந்து கிழக்க அடிக்கிற காத்து. லண்டன் போறப்ப அது எதிர்க்கும், வர்றப்ப தள்ளி விடும். தூரம் சுமார் 10,600 கிமீ. நடுவுல எதிர்காத்து சராசரியா மணிக்கு 50 கிமீ இருந்தா, 900 கிமீ வேகத்துல போற பிளைட் தரைக்கணக்குல 850 தான் போகும், அதே காத்து பின்னாடி இருந்து தள்ளுனா 950, வித்தியாசம் 1 மணி 20 நிமிஷம் கிட்ட வந்துரும். அவ்ளோதான் கணக்கு.

ஆனா அந்தக் காத்து எங்கிருந்து வருதுங்குறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். சாயங்காலம் மூணு நாலு மணிக்கு நம்ம செம்பனைத் தோட்டத்து மேல கருகருன்னு இடிமேகம் ஏறுதுல்ல, அது சும்மா மழை கொட்டிட்டு முடிஞ்சிடுற சமாச்சாரம் இல்ல. பூமத்திய ரேகைப் பக்கம் இப்படி மேல ஏறுற சூடான காத்து, 12, 15 கிமீ உயரம் போனதும் வடக்கயும் தெக்கயும் பிரிஞ்சு போகுது. பூமத்திய ரேகையில தரையே மணிக்கு 1,670 கிமீ வேகத்துல கிழக்க ஓடுது, அந்த வேகத்தையும் தூக்கிக்கிட்டுதான் காத்து கிளம்புது. இங்க பூமியோட அச்சுல இருந்து 6,378 கிமீ தள்ளி இருந்த காத்து, டில்லிக்கு கிட்ட 30 டிகிரிக்குப் போறப்ப 5,520 கிமீ தூரத்துக்கு வந்துடுது. சுழல் நாற்காலியில கைய விரிச்சு சுத்திட்டு டக்குனு மடக்குனா வேகம் கூடுமே, அதேதான். அங்க தரையோட வேகம் 1,447 தான், காத்தோ அதைத் தாண்டி ஓடுது. உராய்வு, காத்துச் சுழிப்பு எதுவும் இல்லாம கணக்குப் போட்டா தரையை விட 480 கிமீ கூடுதல் வரும், நிஜத்துல அவ்ளோ இல்லைன்னாலும் குளிர்காலத்துல 200 கிமீ சாதாரணமா தாண்டும். இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். ஆக அக்கா சொன்ன பூமி சுத்துறதுக்கும் இதுல பங்கு இருக்கு, காத்து வழியா சுத்தி வருது, அவ்ளோதான்.

இதை முதல்ல அளந்தவர் ஜப்பான்காரர் வாசாபுரோ ஓஇஷி. 1920-கள்ல தாதேனோங்குற ஊர்ல பலூன் மேல பலூனா விட்டு, தியோடலைட்ங்குற கோணம் அளக்குற கருவி வச்சு அது நகருற கோணத்தைப் பார்த்து குறிச்சு, ஜப்பான் மேல இவ்ளோ வேகமா காத்து ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். உலகமே படிக்கட்டும்னு 1926-ல எல்லா நாட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு உருவாக்குன எஸ்பெராண்டோ மொழியில அறிக்கை போட்டார், வெளிநாட்டுல யாரும் பெருசா கண்டுக்கல. 1944-ல அமெரிக்க பி-29 விமானங்கள் ஜப்பான் மேல அந்தக் காத்துல மாட்டி குண்டெல்லாம் குறி தப்புனப்பதான் அதோட பலம் புரிஞ்சுது. உடனே என்ன லாபம்னு கேட்டு ஆராய்ச்சிக்குக் காசு குடுக்குறது ரொம்பத் தப்புன்னு நான் நினைக்கிறேன், தினமும் பலூன் விடுற வேலைக்கு அன்னைக்கு யாரு லாபம் சொல்லியிருக்க முடியும்?

சென்னைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியா மேல உயரத்துல காத்து திசை மாறி கிழக்குல இருந்து அடிக்கும், இந்திய வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் 1950-கள்ல விளக்குன காத்து அது. அந்த மாசங்கள்ல அது போறப்ப தள்ளி விடும், வர்றப்ப எதிர்க்கும்.