செவ்வன் தகைவு: இதில் ‘இயல்பு’ எங்கிருந்து வந்தது?

பாயும் பாலிமர் கரைசல்களில் ‘இயல்பு அழுத்தங்களை’ அளப்பது பற்றி மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பு கண்ணில் பட்டது. இதற்கு முன்னால் பார்த்த ஒன்றில் ‘சாதாரண அழுத்தம்’. எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வது? இரண்டுக்கும் மூலமான நார்மல் ஸ்ட்ரெஸ் (ஒரு பரப்புக்குச் செங்கோணத்தில், அதன் ஓர் அலகின்மேல் செயல்படும் விசை) என்பதில் இயல்பும் இல்லை, சாதாரணமும் இல்லை.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் நோர்மா என்றால் தச்சரின் மூலைமட்டம். அதற்கு ஒத்துவருவது, அதாவது செங்கோணத்தில் நிற்பது, நார்மல். மூலைமட்டத்துக்குப் பொருந்தினால் சரியானது, சரியானதென்றால் வழக்கமானது என்று பொருள் நகர்ந்து ‘சாதாரணம்’ வந்தது ரொம்பப் பின்னால். கணிதமும் இயற்பியலும் பழைய மூலைமட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்ட்ரெஸ்ஸுக்கு நம் பாடநூல்களில் ‘தகைவு’ இருக்கிறது. தகைத்தல் என்றால் தடுத்தல், பொருத்தமான சொல். அழுத்தம் வேறு, அது பிரஷர்.

‘இயல்பு’ என்பது வெறும் தவறு மட்டுமில்லை, பொருளையே தலைகீழாக்குகிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே தண்ணீரை வைத்து ஒரு தட்டை நகர்த்தினால் சறுக்குத் தகைவு (பரப்பை ஒட்டி இழுக்கும் தகைவு) மட்டும்தான் புதிதாக வரும். தண்ணீருக்குள் ஒரு சின்னக் கனசதுரத்தை நினைத்துக்கொண்டால், அதன் முகங்களுக்குச் செங்கோணத்தில் இருக்கும் தகைவு மூன்று திசையிலும் ஒன்றாகவே இருக்கும். அதே இடத்தில் பாலிமர் கரைசலை வைத்தால், நீளச் சங்கிலிகள் பாயும் திசையில் இழுபட்டு ரப்பர் மாதிரி விறைக்கின்றன, திசைக்குத் திசை தகைவு மாறுகிறது. சுழலும் கம்பியைச் சுற்றித் தண்ணீர் பள்ளமாகும், பாலிமர் கரைசலோ கம்பிமேல் ஏறும். 1940களில் இதை விளக்கிய கார்ல் வைசன்பெர்க் பெயராலேயே இந்த விளைவை அழைக்கிறார்கள். தண்ணீரில் தலைகாட்டாத இந்த வேறுபாட்டுக்கு ‘இயல்பு’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் என்னதான் புரிந்துகொள்வார்?

சரி, அப்போது ‘செங்குத்துத் தகைவு’ என்று சொல்லலாமே என்பார்கள். பாடநூலிலேயே செங்குத்து விசை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செங்குத்து என்றதும் நம் மனசில் வருவது செங்குத்துப் பாறை, மேலும் கீழுமான திசை. இந்தத் துறையில் அது பெரிய வில்லங்கம். கூம்பும் தட்டும் கொண்ட ரியோமீட்டரில் (திரவம் பாயும் விதத்தை அளக்கும் கருவி) கரைசல் கூம்பை மேல்நோக்கித் தள்ளுகிறது, அதனால் ‘செங்குத்து’ பொருந்துவதுபோல ஒரு மயக்கம். அந்தக் கருவி சொல்லும் முதல் வேறுபாடு என்ன? பாய்வு போகும் திசையில் உள்ள தகைவிலிருந்து, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டை நோக்கிய திசையில் உள்ளதைக் கழித்தது. இதில் முதலில் சொன்ன பாய்வுத் திசை கிடையாகப் படுத்திருக்கிறதே! ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே அளந்தால் இன்னும் மோசம்: சுவர் நட்டமாக நிற்கிறது, அதற்கு நார்மல் கிடைத்திசை. ‘கிடையான செங்குத்துத் தகைவு’ என்று எழுதிப் பாருங்கள், கை கூசும்.

இலங்கைப் பாடநூல்களில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். செவ்வன். புள்ளியியலில் வரும் நார்மல் பரவலை அவர்கள் ‘செவ்வன் பரம்பல்’ என்கிறார்கள். செம்மை என்றால் நேர், நேரானது என்பதிலிருந்து சரியானது. செங்கோல், செங்கோணம் எல்லாம் அந்தக் குடும்பம். நோர்மா போன வழியிலேயே செம்மையும் போயிருக்கிறது, லத்தீனைப் பார்க்காமலே. ‘செவ்வன் யாருக்குப் புரியும்’ என்று கேட்பவர்கள் ‘கடமையைச் செவ்வனே செய்தார்’ என்று தினமும் எழுதுகிறவர்கள்தான்.

தூய்மைப் பித்தால் சொல்லவில்லை. ரியோமீட்டரை ரியோமீட்டர் என்றே எழுதுகிறேன், பாலிமரையும் மாற்றவில்லை. குழப்புகிற தமிழைவிடக் குழப்பாத கடன்சொல் எனக்குப் போதும்.

அப்புறம் இன்னொரு வினை: ‘வேறுபாடு’ என்ற சொல்லைத் தூக்கி எறிவது. அமுங்காத திரவத்தில் எல்லாத் திசையிலும் ஒரே அளவு அழுத்தத்தைக் கூட்டினாலும் பாய்வு மாறாது, அதனால் தனித்தனித் தகைவுக்கு அங்கே பேச்சில்லை, வேறுபாடுகளே கணக்கு. கூம்பைத் தள்ளும் விசையை இரட்டித்துத் தட்டின் பரப்பால் வகுத்தால் முதல் செவ்வன் தகைவு வேறுபாடு. 25 மில்லிமீட்டர் ஆரத் தட்டில் 1000 பாஸ்கல் என்றால் விசை ஏறத்தாழ 1 நியூட்டன்தான். இரண்டாவது வேறுபாடு (தட்டிலிருந்து தட்டை நோக்கிய திசையின் தகைவிலிருந்து, மிச்சமிருக்கும் மூன்றாவது திசையின் தகைவைக் கழித்தது) பெரும்பாலும் எதிர்க்குறி, அளவிலும் ரொம்பச் சின்னது. அதன் குறியிலேயே ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் ஏமாந்தார்கள்: சுவரில் துளை போட்டு அழுத்தம் அளந்தபோது, துளைமேல் வளைந்து போகும் ஓட்டம் இழுபட்டு, உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. ஆர்தர் லாட்ஜும் கூட்டாளிகளும் 1968இல் அதை எடுத்துச் சொன்னார்கள். அந்த வரலாற்றைச் சொல்லும் பத்தியில்தான் நான் பார்த்த மொழிபெயர்ப்பாளர் ‘துளையின் இயல்பு அழுத்தப் பிழை’ என்று எழுதியிருக்கிறார். பிழை இயல்பானதா, அழுத்தம் இயல்பானதா என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்தேன்.