சொல் விளக்கம்: சிலிக்கான் வளர்சிதை மாற்றம்

டயாட்டம் என்ற நுண்பாசிகளைப் பற்றிப் படித்தால் ‘சிலிக்கான் மெட்டபாலிசம்’ என்ற தொடர் கண்ணில் படும். ‘சிலிக்கான் வளர்சிதை மாற்றம்’ என்று உடனே தமிழாக்கிவிடலாம். ஆனால் அதில் ஒரு நெருடல் இருக்கிறது.

மெட்டபாலிசத்தின் வேர் ‘மெட்டபோலே’ என்ற கிரேக்கச் சொல். மாற்றம் என்பதுதான் அதன் பொருள். தமிழ்ச்சொல் இன்னும் ஒருபடி போய், செல் பொருள்களைக் கட்டுவது வளர் மாற்றம், உடைப்பது சிதை மாற்றம் என இரண்டையும் பெயரிலேயே காட்டிவிடுகிறது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இது அழகாகப் பொருந்தும். சிலிக்கானுக்கு?

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம், பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சிலிக்கான் தனிமம். சிலிக்கா அதன் ஆக்சைடு, மணலில் இருப்பது. சிலிசிக் அமிலம் நீரில் கரைந்த வடிவம். மூன்றுக்கும் வேர் லத்தீனின் ‘சிலெக்ஸ்’, அதாவது சிக்கிமுக்கிக் கல். ‘சிலிசியம்’ என்று வழங்கிய பெயரை, கார்பன், போரான் போல முடியட்டும் என்று 1817இல் தாமஸ் தாம்சன் ‘சிலிக்கான்’ ஆக்கினார். தமிழில் மண்ணியம் என்ற பெயரும் உண்டு. நான் சிலிக்கானையே எழுதுகிறேன். சிலிக்கா, சிலிசிக் என்ற உறவு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

டயாட்டம் ஒற்றைச் செல் பாசி. ‘இரண்டாக வெட்டப்பட்டது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் சிலிக்கா ஓடு பெட்டியும் மூடியும் போல இரண்டு பாதியாகப் பொருந்தியிருக்கும். அதனால் ‘இருகூற்றுப் பாசி’ என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். செல் பிரியும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, அதையே மூடியாக வைத்து உள்ளே புதிய அடிப்பாதியைக் கட்டிக்கொள்ளும். சிலிக்கான் பெரிதும் தேவைப்படுவது அப்போதுதான்.

கடலின் மேற்பரப்பு நீரில் சிலிசிக் அமிலம் மிகக் குறைவு. அதைச் செல்லுக்குள் இழுத்துச் சேர்க்கத் தனிக் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. 1997இல் இவற்றைக் கண்டறிந்தார்கள். கடல் இனங்களில் சோடியம் அயனி உள்ளே பாயும் விசையிலேயே சிலிசிக் அமிலமும் கூடவே வந்துவிடுகிறது. இந்தக் கட்டத்துக்கு ‘சிலிக்கான் ஏற்பு’ போதும்.

அப்புறம் நடப்பதுதான் அற்புதம். செல்லுக்குள்ளே சவ்வால் சூழப்பட்ட ஒரு பை, அதன் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே சிலாஃபின் என்ற புரதங்களும் பாலிஅமீன்கள் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளும் காத்திருக்கின்றன. அவற்றின் துணையோடு சிலிசிக் அமில மூலக்கூறுகள் நீரை விட்டுவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. நுண்துளைகள் வரிசை வரிசையாக அமைந்த ஓட்டின் பாதி அந்தப் பைக்குள்ளேயே உருவாகிறது. முடிந்ததும் செல் அதை வெளியே தள்ளி மேலே அணிந்துகொள்கிறது. சூளை வைத்துக் கண்ணாடி செய்யும் நமக்கு, சாதாரணக் கடல்நீரின் குளிர்ச்சியில் இது நடப்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்புத்தான்.

இதில் சிதை மாற்றம் எங்கே இருக்கிறது? உள்ளே வரும்போதும் ஓடான பிறகும் சிலிக்கான் நான்கு ஆக்சிஜன்களோடுதான் பிணைந்திருக்கிறது. அதை உடைத்துச் செல் ஆற்றல் எடுப்பதில்லை. எனவே ஓடு கட்டும் வேலையை மட்டும் குறிக்கும் இடத்தில் ‘சிலிக்காவாக்கம்’ என்பதே சரி.

ஆனாலும் ‘வளர்சிதை மாற்றம்’ முற்றிலும் தவறு என்று தள்ள மாட்டேன். சிலிக்கான் கிடைக்காவிட்டால் செல் பிரிதலே நின்றுபோகிறது. சிலிக்கானைப் போலவே நடந்துகொள்ளும் ஜெர்மானியம் என்ற தனிமம் கலந்தாலும் ஓடு கட்டும் வேலை கெடும். பாசி வளர்ப்போர் டயாட்டம்களை ஒழிக்க ஜெர்மானியம் டைஆக்சைடு சேர்ப்பது அதனால்தான். செல்லின் மொத்த இயக்கத்தோடு சிலிக்கானுக்கு உள்ள தொடர்பைப் பேசும்போது ‘டயாட்டம்களின் வளர்சிதை மாற்றத்தில் சிலிக்கான்’ என்று எழுதலாம்.

சிதைவு நடக்காமலும் இல்லை. டயாட்டம் இறந்த பின், ஓட்டைப் போர்த்தியிருக்கும் கரிமப் படலத்தைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன. வெறுமையான சிலிக்கா கடல்நீரில் மெல்லக் கரைந்து மறுபடி சிலிசிக் அமிலமாகிறது.