படகு திரையில் நகராவிட்டால் வரைபட மென்பொருளை நீக்காதீர்கள்

சிங்கப்பூரில் சிறு படகு வைத்திருப்பவர்களின் லினக்ஸ் மடிக்கணினிகளில் ஓபன்சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருளை அமைத்துக் கொடுக்கும் பணியில், ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது: யுஎஸ்பி ஜிபிஎஸ் கருவியில் விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் படகு அசையவில்லை. உடனே பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். கோளாறு அங்கே இருப்பது அரிது. அமைப்புக் கோப்புறையையும் சேர்த்து அழித்துவிட்டால் சேமித்த வழித்தடங்கள்தான் போகும்.

கருவியைச் செருகியதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதற்கு ஒரு துறைப் பெயர் (மற்ற நிரல்கள் கருவியை அணுகும் பெயர்) தந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். உபுண்டு 22.04இல் சிஎச்340 என்ற யுஎஸ்பி இணைப்புச் சில்லு கொண்ட கருவிகளுக்குப் பெயர் தோன்றிய மறுகணமே மறைந்துவிடுவது உண்டு. பார்வையற்றோரின் பிரெய்ல் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல், அதைத் தன்னுடைய கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்வதே காரணம். பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் அந்த நிரலை நீக்கிவிடலாம். பெயர் நிலைத்தும் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் கணக்கை, துறைகளைத் திறக்கும் உரிமையுள்ள டயல்அவுட் என்ற பயனர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உள்நுழையாதவரை மாற்றம் நடப்புக்கு வராது.

நான் அதிகம் காணும் கோளாறு வேறு. கருவியின் தகவலைப் படித்து மற்ற நிரல்களுக்குத் தரும் ஜிபிஎஸ்டி என்ற சேவை பின்னணியில் துறையைத் திறந்து வைத்திருக்க, ஓபன்சிபிஎன்னும் அதே துறையை நேரடியாகத் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். கருவியிலிருந்து வரும் தகவல் வரிகளை இரண்டும் பங்குபோட்டுக்கொள்வதால் எதற்கும் முழு வரி கிடைப்பதில்லை. துறையை ஜிபிஎஸ்டியிடமே விட்டுவிட்டு, ஓபன்சிபிஎன்னை அதே கணினியின் 2947ஆம் வலைத்துறை (நெட்வொர்க் போர்ட்) வழியாக அதனுடன் இணைப்பதே என் வழக்கம்.

இவை சரியாக இருந்தும் இடம் தெரியவில்லையென்றால், ஜிபிஎஸ்டியைச் சற்று நிறுத்திவிட்டுக் கருவி அனுப்பும் வரிகளையே படியுங்கள். இடத்தையும் நேரத்தையும் சொல்லும் ஆர்எம்சி என்ற வரியில் நேரத்தை அடுத்து 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இடம் கிடைத்திருக்கிறது. 'வி' இருந்தால் கிடைக்கவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் சோதிப்பவர்களுக்குப் பெரும்பாலும் 'வி'தான் வரும், அதில் கருவியின் குற்றம் எதுவுமில்லை. திறந்த வானத்தின் கீழ் வைத்துப் பொறுத்திருங்கள்: நெடுநாள் அணைந்திருந்த கருவி செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையையும் பெற 12.5 நிமிடங்கள் ஆகும். புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில், குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, சூரியன் மறைந்த பின் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தின் கலக்கத்தால் சமிக்ஞை விட்டுவிட்டு வருவதும் இயல்பே.

படகு சரியான இடத்தில் நின்று, தேதி மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னால் இருந்தால் ஜிபிஎஸ்டியின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 3.20 முதல் 3.22 வரையிலான பதிப்புகள் 2021 அக்டோபர் 24 அன்று தேதியை 1024 வாரங்கள் பின்னுக்குத் தள்ளின. 3.23இல் அது திருத்தப்பட்டுவிட்டது. இணையத்தில் இணைக்கப்படாமலே கிடக்கும் படகுக் கணினிகளில் பழைய பதிப்பு இன்னும் இருக்கக்கூடும்.