ரிசர்வாயர் குவாலிட்டி: தேக்கப்பாறைத் தரம்

எண்ணெய் வயல் செய்திகளைத் தமிழில் தருகிறவர்கள் 'ரிசர்வாயர்' வந்தால் 'எண்ணெய்த் தேக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கிறவர் மனதில், மேட்டூர் அணை போலத் தரைக்கடியில் ஓர் எண்ணெய் ஏரி விரிந்துவிடுகிறது. உண்மையில் எண்ணெய் இருப்பது பாறைக்குள், மணல் மணிகளுக்கு இடையில் இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில். அதனால் 'தேக்கப்பாறை' என்பதே என் பரிந்துரை. எண்ணெய் உருவாகும் மூலப்பாறை, அது மேலே தப்பாமல் அடைக்கும் மூடுபாறை ஆகியவற்றோடு இதுவும் ஒரே வரிசையில் நிற்கும்.

'ரிசர்வாயர்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர், பின்னால் உதவும் என்று எடுத்துவைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினை. முதலில் நீர் சேமிக்கும் இடத்தைக் குறித்தது. நிலவியலாளர்கள் பிற்பாடு அதை இரவல் வாங்கிக்கொண்டார்கள். தமிழில் 'தேங்கு' தன்வினை, 'தேக்கு' பிறவினை. எண்ணெய் தானாகத் தேங்குவதையும் பாறை அதைத் தேக்கிவைப்பதையும் 'தேக்கம்' ஒருசேரத் தாங்குகிறது.

சரி, தரம் என்பது என்ன? இரண்டு கேள்விகள். பாறையில் எவ்வளவு இடம் இருக்கிறது? அந்த இடங்கள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணெயை ஓட விடுகின்றனவா? முதலாவது 'பொராசிட்டி', இரண்டாவது 'பெர்மியபிலிட்டி'. பொராசிட்டிக்குப் 'புரைமை' பொருத்தமான சொல். உள்ளே குழிந்து துளைபட்ட நிலையைப் 'புரை' என்கிறோம். 'புரையோடிய புண்' எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. பெர்மியபிலிட்டிக்கு 'ஊடுருவுதிறன்' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதன் அலகான டார்சி, பிரான்சின் திஜோன் நகர நீர்வழங்கலைக் கவனித்த பொறியாளர் ஹென்றி டார்சியின் பெயரால் வந்தது. மணல் வழியே நீர் ஓடும் விதியை அவர் 1856-இல் வெளியிட்டார்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாறைத் துண்டுக்குள் நீலச் சாயம் கலந்த பிசினைச் செலுத்தி, இறுகியதும் ஒளி புகும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். நீலம் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் புரை. நல்ல மணற்பாறையில் நீலம் மணிகளைச் சுற்றி ஓடும். சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் இடைவெளியை அடைத்திருந்தால் நீலமே தெரியாது. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் கரைந்திருந்தால் அந்த மணிகளுக்குள்ளேயே நீலத் திட்டுகள் தெரியும். இல்லைட் என்ற களிக்கனிமம் இழை இழையாக வளர்ந்து குறுகிய வழிகளை அடைத்துவிடும். அப்போது புரைமை ஓரளவு மிஞ்சினாலும் ஊடுருவுதிறன் சரிந்துவிடும்.

இந்தத் தரப் பேச்சு ஷேல் எண்ணெயிலும் வரும். ஷேல் என்பது களிப்பாறை, அதில் மணற்பாறைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வட சீனாவின் ஓர்டோஸ் படுகையைப் பாருங்கள். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டிரையாசிக் காலத்தில் அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஆழத்தில் உயிர்மப் பொருள் செறிந்த களி படிய, கரையோரம் இருந்த மண் சரிந்து நுண்மணலையும் உள்ளே கொண்டுவந்தது. அந்த அடுக்குக்குச் 'சாங் 7' என்று பெயர். களிப்பாறை, அதாவது ஷேல், உண்டாக்கிய எண்ணெய் தொலைதூரம் போகாமல் பக்கத்து மணற்பாறையிலேயே தங்கிவிட்டது. கான்சு மாநிலத்தின் சிங்செங் எண்ணெய் வயல் இந்த அடுக்கில்தான் இருக்கிறது, 2019-இல் அறிவித்தார்கள். இப்படி இடையிடையே வரும் மணற்பாறையையும் சீனாவில் ஷேல் எண்ணெய்க் கணக்கில் சேர்க்கிறார்கள். அங்கே 2020-இல் வந்த தேசியத் தரநிலை, தனி அடுக்கு 5 மீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, மொத்தத் தடிப்பில் இவற்றின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வரம்பு வைக்கிறது.

வகைப்படுத்துவதில்தான் சிக்கல். வழக்கமான வயலின் நல்ல மணற்பாறையில் புரைமை 20 விழுக்காட்டைத் தாண்டலாம், ஊடுருவுதிறன் நூற்றுக்கணக்கான மில்லிடார்சி (டார்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கலாம். சாங் 7-இல் புரைமை பெரும்பாலும் 10 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ஊடுருவுதிறன் ஒரு மில்லிடார்சிகூட வராது. இவ்வளவு இறுகிய பாறையில் புரைமை ஒன்றை மட்டும் வைத்துத் தரம் பிரித்தால் ஏமாந்துபோவோம். ஒரே புரைமை கொண்ட இரண்டு துண்டுகளில் ஒன்று எண்ணெய் விடும், மற்றது விடாது. இங்கே தீர்ப்புச் சொல்வது புரைகளை இணைக்கும் கழுத்துகளின் அகலம். பாதரசத்தை அழுத்திச் செலுத்தி அதை அளக்கிறார்கள். புரைவெளியில் 35 விழுக்காடு பாதரசம் நிரம்பும்போது எட்டும் கழுத்தின் ஆரத்தைக் கொண்டு பாறையை வகைப்படுத்தும் முறைக்கு, அதை உருவாக்கிய வின்லாண்டின் பெயரையே இட்டிருக்கிறார்கள். அதோடு நுண்ணோக்கிப் படமும் கனிமக் கணக்கும் சேர்ந்தால்தான் முதல் வகை, இரண்டாம் வகை என்று கோடு போட முடியும்.

ஆகவே 'முதல் வகைத் தேக்கப்பாறை' என்று எழுதும்போது எந்தப் படுகை, எந்த அளவுகோல் என்பதையும் கூடவே எழுதுங்கள். ஓர்டோஸ் ஷேல் எண்ணெயில் முதல் வகையாக நிற்கும் மணற்பாறையை, வழக்கமான வயலில் 'இறுகியது' என்று ஒதுக்கிவிடுவார்கள்.