சைக்கிள் றிஃப்ளெக்டரும் ராடாரில் சிக்காத பொம்மரும்

இரவில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் வரும்போது கவனித்திருப்பீர்கள். முன்னால் போகிற சைக்கிள் இருட்டில் கரைந்துபோயிருக்கும். உங்கள் லைற் பட்டதும் அதன் பின் மட்காட்டில் உள்ள சிவப்பு றிஃப்ளெக்டர் மட்டும் பளிச்சிடும். அதற்குள் இருப்பவை சின்னச் சின்ன மூலைகள், அறையின் மூலையைப்போல மூன்று முகங்கள் செங்குத்தாகச் சந்திப்பவை. அதற்குள் புகுந்த ஒளி மூன்று முறை தெறித்து, வந்த வழியே திரும்பிவிடும்.

ராடாரும் வானொலி அலையை அனுப்பி, தெறித்துத் திரும்பும் அலையை, அதாவது எதிரொலியை, வைத்துத்தான் விமானத்தைக் காணும். சாதாரணப் போர்விமானம் அதற்கு ஒரு பறக்கும் றிஃப்ளெக்டர். வால்கள் சேருமிடம், இறக்கையின் கீழே குண்டு தொங்குமிடம் எல்லாமே மூலைகள்தான். எஞ்சின் வாய்க்குள் சுழலும் தகடுகள் இன்னும் மோசம்.

அமெரிக்காவின் பி-2 பொம்மர், அதற்கு அடுத்த தலைமுறையான பி-21 இரண்டும் வாலே இல்லாத ஒற்றை இறக்கையாக இருப்பது இதனால்தான். குண்டுகள் வயிற்றுக்குள். காற்று உள்ளே போகும் வாய் முதுகில். விளிம்புகளை ஒன்றுக்கொன்று இணையாக வெட்டியிருப்பதால், தெறிக்கும் அலை ஒருசில திசைகளில் மட்டுமே போகும். ராடார் அந்தத் திசையில் இல்லாவிட்டால் சரி. மிச்ச அலையை மேற்பூச்சு உறிஞ்சிச் சூடாக்கிவிடும். விளிம்பில் அலை எப்படிச் சிதறும் என்ற கணக்கை 1962இல் எழுதியவர் சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ற்செவ். பயன்படுத்திக்கொண்டதோ அமெரிக்கர்!

கணக்கு இரக்கமில்லாதது. எதிரொலியைப் பாதியாகக் குறைத்தாலும், 200 கிலோமீட்டரில் கண்ட ராடார் 168இல் கண்டுவிடும். காணும் தூரத்தை 20 கிலோமீட்டராக்க எதிரொலி பத்தாயிரத்தில் ஒன்றாக வேண்டும். மீற்றர் அளவு நீளமான அலைகளுக்கு இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. அலைநீளத்தோடு ஒத்த அளவுள்ள வால் போன்ற பாகங்கள் எதிரொலியைக் கூட்டிவிடும். வாலில்லாத பெரிய இறக்கைக்கு அங்கேயும் கொஞ்சம் அனுகூலம் உண்டு.

வால் இல்லாவிட்டால் விமானம் தள்ளாடும். அதனால் கணினி ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 2008இல் குவாம் தீவில் காற்றழுத்த உணரிகளுக்குள் ஈரம் புகுந்து கணினிக்குத் தப்பான எண் போக, நூறு கோடி டொலருக்கு மேல் பெறுமதியான பி-2 ஒன்று ஓடுபாதையருகே விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் தப்பிவிட்டார்கள். பி-21 முதன்முதலாகப் பறந்தது 2023 நவம்பர் 10இல். பூச்சைப் பராமரிக்கும் தலையிடியைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

சரி, ராடார் ஏமாறும், காது ஏமாறுமா? பொம்மர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய ஊர் நாங்கள். அப்போது எங்களுக்குக் காதுதான் ராடார். ஆனால் பி-2 ஏறக்கூடிய 15 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சத்தம் தரைக்கு வர முக்கால் நிமிடம் பிடிக்கும். யாழ்ப்பாண நகருக்கு மேலே அது எழுப்பிய சத்தம் நம் காதில் விழும்போது விமானம் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள கைதடியைத் தாண்டியிருக்கும்.