கணவாய்க் காற்றும் கான்கிரீட் சாலையும்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் சாலை வேலைகளில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். அடிக்கடி வரும் புகார் இது: "சார், போட்டு ஒரு வாரம்கூட ஆகலை, விரிசல் விட்டிருச்சு. சிமென்ட்ல ஏமாத்திட்டாங்க." சிமென்டைக் குறைத்த வேலைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்த பல தெருக்களில் விரிசலுக்குக் காரணம் காற்று.

ஒரு ஜனவரி மாதம், காலை பத்தரைக்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த கிழக்குக் காற்றில் தென்னை ஓலைகள் படபடத்துக்கொண்டிருந்தன. மட்டப்பலகை இழுத்த இடம் ஈரத்தில் மின்னியது. மேஸ்திரி வெற்றிலை போட்டுத் திரும்புவதற்குள் அந்த மினுமினுப்பு போய்விட்டது. "லேசா தண்ணி தெளிச்சுத் தேய்ச்சிடலாம் சார்" என்றார். மூன்று மணிக்குக் குனிந்து பார்த்தால், முழ நீளத்தில் அடுத்தடுத்து இணைகோடுகளாக விரிசல். அடியில் கான்கிரீட் இன்னும் இறுகாமல் பச்சையாகவே இருந்தது.

புதுக் கான்கிரீட்டில் தண்ணீர் மெதுவாக மேலே கசியும். அது கசிவதைவிட வேகமாகக் காற்று உறிஞ்சினால் மேல்தோல் சுருங்கிக் கிழிகிறது. சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியானால் ஆபத்து என்பது வழக்கமான கணக்கு. காற்றும் கான்கிரீட்டும் 32 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வையுங்கள். காற்று மணிக்கு 8 கி.மீ. வீசினால் ஆவியாவது சுமார் 0.6 கிலோ, அதுவே 25 கி.மீ. என்றால் 1.5 கிலோ. வெயில் ஏறவே இல்லை, காற்று மட்டும்தான் மாறியது.

இந்தக் கணக்கின் அடிப்படை 1950-களில் அமெரிக்க சிமென்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆய்விலிருந்து வந்தது. இன்று அங்கே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கான்கிரீட் சாலைக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. பேராசிரியர்கள், நெடுஞ்சாலைத் துறையினர், சாலை போடும் நிறுவனங்கள் எல்லோரும் அதில் பங்காளிகள். அன்றைய வானிலையைக் கொடுத்தால் விரிசல் வருமா என்று முன்கூட்டியே சொல்லும் ஹைப்பர்பேவ் என்ற மென்பொருளை அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறை உருவாக்கியிருக்கிறது. இங்கேயும் ஆய்வு நடக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமென்டில் சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகள் உழைத்தன. சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட் கட்டியான கிளிங்கர் பாதியாகக் குறைவதால் கரியமில வாயுவும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் இப்படி நுண்ணிய பொடி சேர்ந்த கலவைகளில் தண்ணீர் மேலே கசிவது குறைவு. நம் காற்றில் அவற்றுக்கு இன்னும் அதிகக் கவனிப்பு வேண்டும். அதை மேஸ்திரிக்கு யார் சொல்வது?

எங்களால் முடிந்தது சிறிதுதான். அருகிலுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள் கையில் பிடிக்கும் காற்றளவியும் வெப்பமானியும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் படிப்புக்கான அளவுகள் கிடைத்தன. ஒப்பந்தக்காரருக்கு உடைத்துத் திரும்பப் போடும் செலவு மிச்சம். அடுத்த தெருவில் விடியற்காலை நாலரைக்கே மிக்சரை ஓட்டினோம். பச்சை வலையைக் கிழக்குப் பக்கம் மறைப்பாகக் கட்டினோம். மட்டம் தட்டிய கையோடு பாலித்தீன் ஷீட்டால் மூடினோம். கான்கிரீட் ஓரம் பெயராமல் வெட்டும் அளவுக்கு இறுகியதும், அன்றைக்கே கட்டரை வைத்து விரிசல் அந்தக் கோட்டிலேயே அடங்கும்படி 4 மீட்டருக்கு ஒரு ஜாயின்ட் போட்டோம். 15 செ.மீ. கனத்துக்கு 4 முதல் 5 செ.மீ. ஆழம். இந்த வெட்டைத் தள்ளிப்போட்டால் கான்கிரீட் தனக்குத் தோன்றிய இடத்தில் தானே விரிசல் விட்டுக்கொள்ளும்.

அப்புறம் 14 நாள் ஈரம் காக்க வேண்டும். சித்தூர் தாலுகாவில் குடிக்கவே லாரித் தண்ணீர் வரும் ஊர்கள் உண்டு, அங்கே இதைக் கேட்பது எனக்கே சங்கடம். அப்படிப்பட்ட இடங்களில் ஈரம் ஆவியாகாமல் தடுக்கும் வெள்ளை நிற க்யூரிங் காம்பவுண்டைத் தெளிக்கச் சொல்லி மதிப்பீட்டிலேயே சேர்க்கும்படி வார்டு மெம்பரிடம் கேளுங்கள். தெளிக்க வேண்டியது மேற்பரப்பின் மினுமினுப்பு மறைந்தவுடன். மறுநாள் காலையில் தெளித்தால் பயனில்லை.