மேகத்துக்கு அடியில் வீங்கும் மலை

வெடிப்பதற்கு முன்னால் பல எரிமலைகள் வீங்குகின்றன. ஆழத்திலிருந்து மேலேறும் கற்குழம்பு, தன் மேலுள்ள தரையைத் தூக்கிவிடுகிறது. அந்த உயர்வு சில சென்டிமீட்டர்தான் என்றால் மலையடியில் வசிப்பவருக்கே தெரியாது. சுமார் 700 கி.மீ. உயரத்தில் சுற்றும் சென்டினல்-1 செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடும்.

எப்படி? அதன் ரேடார் 5.6 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலையைத் தரைக்கு அனுப்புகிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதோடு, அது வந்து சேரும்போது அலையின் முகட்டில் இருந்ததா, பள்ளத்தில் இருந்ததா என்பதும் பதிவாகிறது. சில நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடி அளக்கிறது. இதற்குள் தரை செயற்கைக்கோளை நோக்கி 2.8 செ.மீ. நகர்ந்திருந்தால், அலை போய்வரும் தூரம் 5.6 செ.மீ. குறைந்திருக்கும். சரியாக ஒரு முழு அலை! இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு வரையும் படத்தில் அது ஒரு வண்ண வளையமாகத் தெரியும். வெளியிலிருந்து நடுவரை ஐந்து வளையங்கள் என்றால், நடுப்பகுதி 14 செ.மீ. நகர்ந்திருக்கிறது. வளையங்கள் அகலமாகப் பரவியிருந்தால் கற்குழம்பு ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். இவ்வளவையும் மலையில் ஒரு கருவிகூட வைக்காமல் அறிய முடிவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதமும் அலையைத் தாமதப்படுத்திப் போலி வளையங்களைக் காட்டும். அதனால் ஒரே ஒரு படத்தை நம்பக் கூடாது. அடர்ந்த காட்டில் இந்த அலை இலைகளிலேயே சிதறிவிடும். அங்கே ஜப்பானின் ஆலோஸ்-2 செயற்கைக்கோள் பயன்படுத்தும் 24 செ.மீ. அலைதான் கைகொடுக்கும்.

சரி, வீங்கினால் உடனே வெடிக்குமா? அப்படிச் சொல்ல முடியாது. கலாபகோஸ் தீவுகளின் சியரா நெக்ரா எரிமலை, 2005 முதல் 6 மீட்டருக்கும் மேல் வீங்கி, 2018-இல்தான் வெடித்தது. அதனால்தான் அகச்சிவப்புக் கருவிகள் வெப்பத்தையும், புற ஊதாக் கருவிகள் கற்குழம்பிலிருந்து வெளியேறும் கந்தக டைஆக்சைடு வாயுவையும் சேர்த்தே கண்காணிக்கின்றன.

செயற்கைக்கோள் ரேடாரின் அருமை 2010-இல் இந்தோனேசியாவின் மெராபி எரிமலையில் தெரிந்தது. அக்டோபர் 26-இல் வெடிப்பு தொடங்கியபின் உச்சியை மேகமும் புகையும் மறைத்தன. ரேடாருக்கு இரண்டுமே தடையில்லை. உச்சிப் பள்ளத்துக்குள் புதிய எரிமலைக் குவிமாடம் (வெளியே வந்து குவியும் கெட்டியான கற்குழம்பு) அசுர வேகத்தில் வளர்வதைப் படங்கள் காட்டின. நில அதிர்வுப் பதிவுகளும் எச்சரித்தன. ஆபத்து எல்லை 10 கி.மீ.யிலிருந்து 15 ஆகி, பெருவெடிப்பு நிகழ்ந்த நவம்பர் 5-இல் 20 ஆனது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்கூட்டியே வெளியேற்றியதால் 10,000 முதல் 20,000 பேர் வரை பிழைத்திருப்பார்கள் என்று எரிமலை ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.